பள்ளம் தானாய் வந்ததா?

‘தண்ணி பள்ளத்துக்குத்தானே போகும்? நீங்களும் மண் போட்டு உயர்த்துங்கோவன்.’

வட்டக்கச்சியில் மாரி பிடித்து முதல் பெருமழை அடித்ததும், புதிதாய் மண் நிரவிய வளவுக்கும் அதன் பக்கத்து வளவுக்கும் இடையே எழுகிற சச்சரவு அநேகமாக இந்த இரண்டு வசனங்களோடு முடிந்துவிடுகிறது. சொன்னவர் வீட்டுக்குள் போகிறார். கேட்டவர் மண்வெட்டியோடு தன் கிணற்றடிக்கு வரம்பு கட்டப் போகிறார். நடுவில் நின்று சமாதானம் பேசுகிறவரும், பல வேளைகளில் முறைப்பாட்டைக் கேட்கிற உத்தியோகத்தரும்கூட, இதையே கொஞ்சம் மரியாதையான தமிழில் சொல்கிறார்கள்.

இந்த வாதத்தை அதன் பலம் முழுவதோடும் முதலில் சொல்லிவிட வேண்டும். 2018 டிசம்பர் 21ஆம் திகதி இரவு கொட்டிய மழையில் கிளிநொச்சி மாவட்டம் மூழ்கியது. நிலமட்டத்தில் வீடு கட்டினால் என்ன நடக்கும் என்பதை அன்று எல்லோரும் கண்டார்கள். போரில் உள்ளதெல்லாம் இழந்து, இந்திய வீட்டுத் திட்டத்தின் ஐந்தரை இலட்சத்தோடு மேலும் கடன் பட்டுக் கட்டியவரோ, வெளிநாட்டுப் பிள்ளையின் உழைப்பில் கட்டியவரோ, தன் வீட்டுக்குள் தண்ணீர் ஏறாமல் பார்த்துக்கொள்வது அவரது உரிமை. மழையை அவர் வரவழைக்கவில்லை. சரிவை அவர் உண்டாக்கவில்லை. வடிகால் வெட்டவேண்டியது பிரதேச சபை. வேலை செய்யாத சபையை விட்டுவிட்டு, பாடுபட்டு ஒரு வீடு எழுப்பியவனைக் குற்றவாளியாக்குவது எரிச்சல் அல்லாமல் வேறென்ன?

இவ்வளவும் சேர்ந்ததுதான் ஊரின் கருத்து. இதில் வீட்டை உயர்த்திக் கட்டவேண்டும் என்ற பகுதியோடு எனக்குச் சண்டையில்லை. மிச்சம் எதுவும் நிற்காது.

1. வீட்டை உயர்த்துவதும் வளவை உயர்த்துவதும் ஒன்றா? இந்த இரண்டையும் ஒன்றாகப் பேசுவதில்தான் வாதத்தின் சூட்சுமம் முழுக்க இருக்கிறது. அத்திவாரத்தை மூன்றடி எழுப்பி அதன்மேல் வீட்டைக் கட்டினால் வெள்ளம் வீட்டைச் சுற்றிக்கொண்டு போகும். வளவு பழைய மட்டத்தில் இருக்கும். நேற்றுவரை அங்கே தேங்கி, நிலத்துக்குள் இறங்கி, மிச்சம் மெல்ல வழிந்த தண்ணீர் இன்றைக்கும் ஏறக்குறைய அப்படியே செய்யும். வெள்ளத்துக்குப் பயந்து செய்தேன் என்ற நியாயம் அந்த அத்திவாரத்தோடு தீர்ந்துவிடுகிறது. முற்றத்தையும், வாகனம் நிறுத்துகிற இடத்தையும், தென்னங்கன்று வைத்த மூலையையும் உயர்த்துவதற்கு அந்த நியாயத்தை இழுக்க முடியாது.

எல்லையிலிருந்து எல்லைவரை கிரவல் அடித்து நிரவினால் என்ன ஆகும் என்று கணக்குப் பார்க்கலாம். கால் ஏக்கர் 10,890 சதுர அடி. ஓரடி உயர்த்த ஏறத்தாழ 109 கியூப் மண் வேண்டும். மூன்று கியூப் ஏற்றுகிற டிப்பர் என்றால் 36 லோட். அந்த 109 கியூப் மண் நிற்கிற வெளியில் முன்பு அதே அளவு தண்ணீர் நிற்க இடமிருந்தது. லீற்றரில் சொன்னால் மூன்று இலட்சத்துக்கு மேல். அந்த இடத்தை மூடிய பிறகு அவ்வளவு தண்ணீரும் ஆவியாகிவிடுவதில்லை. பக்கத்து வளவுக்குப் போகிறது. டிப்பர்காரருக்குக் கொடுத்த காசில், தன் காணிக்கு மேடு வாங்கியவர் அடுத்த காணிக்குப் பள்ளத்தையும் சேர்த்தே வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

2. ‘தண்ணி போறது இயற்கை’ என்கிறீர்கள். எந்தத் தண்ணீர், எவ்வளவு, எந்த வேகத்தில்? சரிவு இயற்கை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வட்டக்கச்சி யாரும் கைவைக்காத காட்டுச் சரிவல்ல. இரணைமடுக் குளத்துக்குக் கீழே, வலதுகரை வாய்க்காலின் பாய்ச்சலுக்குள் அமைந்த குடியேற்றத் திட்டம் அது. தண்ணீரின் போக்கைப் பார்த்து அளந்து வகுக்கப்பட்ட நிலம். வாய்க்கால் மேட்டோரமாக ஓடும், அதன் கீழே வயல், வயலில் மிஞ்சியதைக் கொண்டுபோக ஆகப் பள்ளத்தில் கழிவு வாய்க்கால், குடியிருக்க மேட்டுக்காணி தனியாக. ஒரு குடும்பத்துக்கு ஏக்கர் கணக்கில் ஒரு துண்டு என்று இருந்த காலத்தில், ஒருவருடைய வீட்டு மழைத்தண்ணீர் பெரும்பாலும் அவருடைய காணிக்குள்ளேயே அடங்கிப்போனது. மூன்றாம் தலைமுறையில் அதே துண்டில் நாலு வீடு. பிள்ளைகளுக்குக் கயிறு பிடித்துப் பங்கிட்டபோது கிணறு யாருக்கு, பாதை எந்தப் பக்கம், மாமரம் எவருடையது என்றெல்லாம் பேசினார்கள். தண்ணீர் எந்த எல்லையால் போகவேண்டும் என்று பேசவில்லை. பேசத் தேவையில்லாமல் வேலி பார்த்துக்கொண்டது.

வேலி அந்த வேலையைச் செய்தது என்பதை மதில் வந்த பிறகுதான் உணர முடிகிறது. கிளுவையும் பூவரசும் நட்ட வேலியால் மழைத்தண்ணீர் நீளம் முழுக்கப் பரவலாக ஊடுருவிப் போகும். வேரிலும் சருகிலும் பட்டு வேகம் குறையும், மண்ணைக் கொஞ்சம் விட்டுவிட்டுப் போகும். இப்போது வன்னியில் வீட்டைவிட மதில்தான் பெரிய அந்தஸ்து. வீடு பூச்சு முடியாமல் நிற்கும்போதே சிங்கம் வைத்த கேற் எழும்பிவிடுகிறது. அத்திவாரத்திலிருந்து இடைவெளியே இல்லாமல் எழும்பிய மதில் இரண்டு பேரைப் பாதிக்கிறது. மேலே இருப்பவருடைய தண்ணீர் மதிலில் முட்டி அவர் வளவிலேயே குளமாகிறது. மதிலின் மூலையில் உடைத்துக்கொண்டு ஓடுவது கீழே இருப்பவரின் வளவை ஒரே இடத்தில் போய் அறுக்கிறது. பள்ளத்துக்குத்தான் போகும் என்று சொல்லித் தப்புகிறவர், மேட்டுப் பக்கத்து வளவில் ஏன் தண்ணீர் நிற்கிறது என்பதற்கு எந்த இயற்கையைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்?

அளவும் மாறுகிறது. ஆயிரம் சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒன்பதாயிரம் லீற்றருக்கு மேல் சேரும். ஆயிரம் லீற்றர் பிளாஸ்ரிக் தாங்கி ஒன்பது நிரம்புகிற தண்ணீர். பீலி வைத்து அத்தனையையும் ஒரு குழாயால் எல்லையோரம் இறக்கிவிட்டால், அது மழையாகப் பெய்த தண்ணீர் என்பதனாலேயே அதை மழை என்று சொல்லிவிட முடியாது. வடிகால் கணக்குப் போடுகிற பொறியியலாளர்கள் வழமையாகப் பாவிக்கிற அட்டவணையில், கூரையில் விழுவதில் 75 முதல் 95 வீதம் வழிந்தோடும் என்று இருக்கிறது. தட்டையான மணற்பாங்கான புல்தரையிலோ 5 முதல் 10 வீதம். முற்றத்துக்குக் கொங்கிரீட் போட்டால் அதுவும் கூரையின் பக்கம் சேர்ந்துகொள்கிறது.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. நாட்கணக்கில் பெய்து நிலம் ஊறிப்போன மார்கழியில் புல்தரையும் குடிக்காதே, அப்போது என்ன வித்தியாசம்? அளவில் வித்தியாசம் குறைந்துவிடும், சரி. பாதை அப்போதும் வேறுதான். பரவலாக ஓர் அங்குல ஆழத்தில் வருவதும், குழாய் வாயிலிருந்தோ மதில் மூலையிலிருந்தோ பாய்ந்து வருவதும் ஒரே அளவு தண்ணீராக இருந்தாலும் ஒரே சேதத்தைச் செய்வதில்லை. அத்திவாரத்தின் கீழே மண் அரிபட்டு, சுவரில் வெடிப்பு விழுந்த வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார். அதோடு, 2018இன் மழை வருடாவருடம் வருவதில்லை. ஐப்பசி தொடக்கம் தை வரை வருகிற சாதாரண மழையில்தான் இந்தச் சண்டைகள் நடக்கின்றன.

3. ‘நீயும் உயர்த்து.’ சரி, உயர்த்தினால்? 36 லோட் மண்ணுக்கு வழியுள்ளவர் உயர்த்துவார். அவருடைய தண்ணீர் மூன்றாம் வளவுக்குப் போகும். மூன்றாமவரும் கடன்பட்டு உயர்த்துவார். இந்தச் சங்கிலி எங்கே போய் முடியும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்: கணவனைப் போரில் இழந்து தனியே குடும்பம் கொண்டுநடத்துகிற பெண்ணின் வளவில், பாதி கட்டி நின்றுபோன வீட்டுத் திட்ட வீட்டில், தகரக் கொட்டிலில். மண் போட வசதியில்லாதவர்தான் கடைசிப் பள்ளம். ஆகவே இந்த யோசனையை ஒரு தீர்வென்று சொல்வதற்கில்லை. யார் நனையவேண்டும் என்பதை வசதியை வைத்துத் தீர்மானிக்கிற ஏற்பாடு இது.

அந்தக் கடைசிப் பள்ளத்தில் தண்ணீர் நிற்பதை ‘இரண்டு நாளில வத்திப்போம்’ என்று சொல்கிறோம். வற்றும்தான். அதற்கிடையில் மலசலகூடக் குழி நிரம்பிக் கிணற்றோடு கலந்துவிடும். 2024 நவம்பர் மழை வெள்ளத்துக்குப் பின்னால் டிசம்பரில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் உயிர்களைக் குடித்த காய்ச்சல் முதலில் மர்மக் காய்ச்சல் என்றே பேசப்பட்டது. பரிசோதனையில் அது எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலும் சேற்றிலும் காலில் புண்ணோடு நடந்தால் தொற்றுகிற நோய் அது. உயர்ந்த வளவுக்காரரும் அந்தச் சேறு வழிகிற ஒழுங்கையால்தான் கடைக்குப் போகவேண்டும்.

எல்லோரும் உயர்த்திவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது ஒழுங்கை பள்ளமாகிறது, வெள்ளம் ஒழுங்கையால் ஓடுகிறது. மக்கள் முறையிட, வீதியை உயர்த்திக் கிரவல் போட்டுக் காப்பெற்றும் போடுகிறார்கள். வளவுகள் மறுபடி பள்ளம். இது கற்பனையல்ல, சென்னையில் பல பத்தாண்டுகளாக நடந்து முடிந்த பரிசோதனை. தார்மேல் தார் போட்டுப் போட்டு வீதி உயர்ந்து, முன்பு படியேறிப் போன வீடுகளுக்குள் படியிறங்கிப் போகவேண்டிய நிலை அங்கே வந்தது. 2021 மே மாதம் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிதாகத் தார் போடவேண்டும், வீதியின் மட்டம் வீடுகளைவிட உயரக்கூடாது என்று அதிகாரிகளுக்கு எழுதவேண்டியதாயிற்று. அத்தனை பெரிய மாநகரம் இந்தப் போட்டியில் தோற்ற பிறகு, வட்டக்கச்சி அதே போட்டியைத் தொடக்கத்திலிருந்து ஓட நிற்கிறது.

4. ‘என்ர காணி, நான் என்னவும் செய்வன்.’ முதலாவது, வட்டக்கச்சியின் பெரும்பாலான மேட்டுக்காணி, அந்தச் சொல்லின் முழு அர்த்தத்தில், உங்களுடையதே அல்ல. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு நிபந்தனைகளோடு கொடுத்த பெர்மிட் காணி அல்லது அளிப்புக் காணி அது. நினைத்தபடி துண்டாடவோ விற்கவோ முடியாத காணியில், நினைத்தபடி மலை எழுப்பலாம் என்பது வேடிக்கையான சட்ட அறிவு. 2024இல் தொடங்கிய உறுமய திட்டம் போன்றவை இந்தக் காணிகளை முழு உறுதிக்காணி ஆக்கிவிடும் என்று சொல்வீர்கள். ஆக்கட்டும். முழு உறுதிக்காரரையும் நாட்டின் பொதுச்சட்டம் விடுவதில்லை.

இலங்கையின் காணி விடயங்களில் வேறு சட்டம் இல்லாத இடத்தில் ரோமன்-டச்சுச் சட்டம் நிற்கிறது. மழைத்தண்ணீர் பற்றிய அதன் நிலைப்பாடு மிகப் பழையது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ரோமர் எழுதிவைத்த பன்னிரண்டு பட்டயங்களிலேயே, அயலவர் செய்த வேலையால் மழைத்தண்ணீர் தன் நிலத்துக்குக் கேடு செய்தால் வழக்காட வழியிருந்தது. விதி இதுதான்: மேலே இருந்து இயல்பாக வருகிற தண்ணீரைக் கீழே உள்ள காணிக்காரர் ஏற்றுக்கொள்ளவேண்டும். மேலே உள்ளவர் தன் கட்டுமானத்தால் அதைக் கூட்டவோ, ஓரிடத்தில் குவிக்கவோ, திசை திருப்பவோ செய்து கேடு விளைவிக்கக்கூடாது. ‘பள்ளத்துக்குத்தான் போகும்’ என்கிற ஊர் நியாயம் இந்த விதியின் முதற்பாதியை மட்டும் பாடமாக்கி வைத்திருக்கிறது.

ஊர் நியாயத்தைச் சட்டமாகவே வைத்திருந்த இடமும் உலகத்தில் உண்டு. மழைத்தண்ணீர் எல்லோருக்கும் பொது எதிரி, அவரவர் தம்மால் இயன்றபடி தள்ளிவிடலாம் என்ற கோட்பாடு அமெரிக்காவின் பல மாநிலங்களில் இருந்தது. நியூ ஜேர்சியில் ஒரு கட்டட நிறுவனம் 42 ஏக்கர் நிலத்தை வெளியாக்கி 186 வீடுகள் கட்டியது. அங்கே விழுந்த மழைத்தண்ணீர் முழுவதையும் குழாய்களால் சேர்த்து ஓர் ஓடையில் விட்டது. கீழே இருந்த காணிகளின் கரை அறுந்தது. நிறுவனம் பொது எதிரிக் கோட்பாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது. 1956இல் அந்த மாநில உயர் நீதிமன்றம் கோட்பாட்டையே கைவிட்டது. தீர்ப்பை எழுதிய வில்லியம் பிரெனன் அதே வருடம் அமெரிக்காவின் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். காணியை அபிவிருத்தி செய்வதால் வருகிற இலாபம் கட்டுகிறவருக்கு என்றால், அதனால் வருகிற தண்ணீரின் செலவும் அவருடைய கணக்கில்தான் வரவேண்டும், அயலவரின் தலையில் அல்ல என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். நாங்கள் ஊர் வழக்கம் என்று நினைத்துக் காப்பாற்றிக்கொண்டிருப்பது அங்கே எப்போதோ காலாவதியான சரக்கு.

5. எல்லாவற்றுக்கும் இரணைமடுக் குளம்தான் காரணமா? 2018 வெள்ளத்துக்கு இரண்டு வாரம் முன்னர், டிசம்பர் 7ஆம் திகதிதான், முழு நீர்மட்டத்தை 36 அடியாக உயர்த்திய குளத்தை அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன திறந்துவைத்தார். வான் கதவுகளை உரிய நேரத்தில் திறந்தார்களா என்ற கேள்வி எழுந்தது, மாகாண ஆளுநர் விசாரணைக் குழுவும் அமைத்தார். கேட்கவேண்டிய கேள்வியே. ஆனால் கதவைத் திறந்தால் வருகிற வெள்ளம் கனகராயன் ஆற்றோடு பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளை என்று போய்ச் சுண்டிக்குளத்துக் கடல்நீரேரியில் விழுகிற வெள்ளம். உங்கள் பீலிக் குழாயிலிருந்து பக்கத்து வீட்டுக் குசினிக்குள் வந்த தண்ணீர் அந்தக் கதவால் வரவில்லை. பெரிய குளத்தின் பெயரைச் சொல்லிச் சின்ன வாய்க்கால்களின் பொறுப்பு எல்லாம் கரைந்துபோயிற்று.

6. ‘சபை வாய்க்கால் வெட்டட்டும்.’ வெட்டத்தான் வேண்டும். வீதியோரம் சீமெந்தில் அழகாகக் கட்டிவிட்டு, கடைசியில் எங்கே போய் விழுகிறது என்று பாராமல் விட்ட வடிகால்கள் எவ்வளவோ உண்டு. அவற்றுக்குப் பொறுப்பு வீதி அபிவிருத்தி அதிகார சபையா, மாகாணத் திணைக்களமா, பிரதேச சபையா என்று விசாரித்துக்கொண்டு வருகையில் மாரியே முடிந்துவிடும். கழிவு வாய்க்காலை நிரவிய இடத்தில் நீர்ப்பாசனத் திணைக்களம், வயலை நிரவிய இடத்தில் கமநல சேவை நிலையம், பெர்மிட் நிபந்தனை என்றால் பிரதேச செயலகம். ஆளுக்கொரு சட்டம், ஆளுக்கொரு கடிதத் தலைப்பு. ஆனாலும் சபையின் வாய்க்கால் ஒழுங்கையில்தான் இருக்கும். உங்கள் வளவின் தண்ணீரை ஒழுங்கைவரை கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டியது நீங்கள். அதைப் பின்வேலியால் தள்ளிவிட்டு, முன்வீதியில் வடிகால் இல்லை என்று முறையிடுவது என்ன நியாயம்?

சபையிடம் கேட்கவேண்டிய முதல் விடயம் வாய்க்காலைவிட மலிவானது. வீட்டுக்கோ மதிலுக்கோ அனுமதி கேட்டு வருகிற வரைபடத்தில் அறையின் அளவு இருக்கிறது, யன்னலின் அளவு இருக்கிறது, வீதியிலிருந்து எத்தனை அடி என்று இருக்கிறது. வளவின் மட்டம் இப்போது என்ன, கட்டிய பிறகு என்ன, கூரைத் தண்ணீர் எந்தப் பக்கத்தால் எங்கே போகிறது என்ற மூன்று விபரமும் அதே தாளில் இருக்கவேண்டும். இல்லாத வரைபடத்தில் கையொப்பம் வைக்கக்கூடாது. கட்டி முடிந்ததும் சான்றிதழ் கொடுக்கப் போகிற உத்தியோகத்தர் அதையும் பார்த்துவரவேண்டும். இதற்குப் புதிய சட்டமோ, கொழும்பின் ஒதுக்கீடோ தேவையில்லை.

அயலுக்குள் வழக்கா என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. உறவு முறியக்கூடாது என்பது நல்ல ஆசை. ஆனால் ஒவ்வொரு மாரியும் ஒரு தரப்பு மட்டும் வாய்மூடி இருப்பதால் காப்பாற்றப்படுகிற உறவு எவ்வளவு காலத்துக்கு? 1988இன் சட்டத்தின் கீழ் இயங்குகிற மத்தியஸ்த சபை இந்த வகைப் பிணக்குகளுக்கென்றே இருக்கிறது. அங்கே தண்டனை இல்லை. மதிலில் எந்த இடத்தில் வழி விடுவது, எல்லையோரம் யார் செலவில் கான் வெட்டுவது என்று எழுதி இருவரும் கையொப்பமிடலாம். பொதுப் பாதையையோ வாய்க்காலையோ மறித்திருந்தால், 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடபடிமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவில் நீதவான் தடையை அகற்றக் கட்டளையிட முடியும். கைகலப்பாகும் அளவுக்குப் போனால் அதே வருடத்து ஆரம்ப நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு இருக்கிறது. வழி இல்லாமல் இல்லை. தண்ணீர் பள்ளத்துக்குத்தான் போகும் என்ற வசனத்தைக் கேட்டதும் முறைப்பாட்டுப் புத்தகத்தை மூடிவைக்கிற பழக்கம்தான் வழியை அடைக்கிறது.

ஏற்கெனவே மண் போட்டு, மதிலும் கட்டி முடித்தவர்கள் 36 லோட்டையும் திரும்ப அள்ளத் தேவையில்லை. எல்லையிலிருந்து இரண்டு மூன்று அடியைப் பழைய மட்டத்துக்கு இறக்கி ஒரு கான் விடலாம். பீலிக் குழாயை அயலவர் பக்கத்திலிருந்து திருப்பிக் கிணற்றோரத் தொட்டிக்கோ, கல் நிரப்பிய குழிக்கோ விடலாம். சித்திரையில் வற்றுகிற கிணற்றுக்கு அது நல்லதும்கூட. மதிலில் நிலமட்டத்தோடு இடைக்கிடை ஓட்டை வைக்கலாம்.

ஓட்டை வைத்தால் பாம்பு வரும் என்பார்கள். கம்பி வலை போட்டால் வராது. வெள்ளத்தில் புற்று மூழ்கிய பாம்பு காய்ந்த மேட்டைத் தேடித்தான் ஏறும், அந்த அயலில் ஆக உயர்ந்த மேடு எது என்பது 36 லோட் அடித்தவருக்குத் தெரியும்.